பழைய சாகாவுக்குப் புதிய மூளை: வயரை வெட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ரந்தாவ், சிலியாவ், லாபு, பஹாவ் வட்டாரத் தோட்டங்களில் லயத்து வீடுகளின் முன்னால் இன்றும் பழைய புரோட்டோன் சாகாவையும் இஸ்வாராவையும் பார்க்கலாம். அப்பா ஓவர்டைம் செய்து தவணை கட்டிய கார் அது. பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோனது; நள்ளிரவில் சிரம்பான் மருத்துவமனைக்கு ஓடியது. விற்றால் பெரிய தொகை கிடைக்காது. வைத்துக்கொண்டால் கார்புரேட்டர் தொல்லை கொடுக்கிறது: காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், சிக்னலில் நிற்கும்போது அணைந்துபோகும், பெட்ரோலையும் அதிகம் குடிக்கும்.

இதற்குத் தீர்வாகப் பல இளைஞர்கள் தேர்ந்தெடுப்பது, பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் உள்ள இன்ஜினையும் அதன் கணினியான ஈசியுவையும் பழைய காரில் பொருத்துவதுதான். இன்ஜினை இறக்கி ஏற்றுவது ஒரு நாள் வேலை. வயரிங்தான் பலரையும் வாரக்கணக்கில் உட்கார வைக்கிறது.

ஒரே குடும்பத்து இன்ஜின்

முதல் சாகா 1985 ஜூலை 9ஆம் தேதி அறிமுகமானது. மிட்சுபிஷி லான்சர் ஃபியோரேயை அடிப்படையாகக் கொண்ட அந்தக் காரில் 1.3 லிட்டர் 4ஜி13 கார்புரேட்டர் இன்ஜின் இருந்தது. 1992இல் இஸ்வாராவும் 1993இல் வீராவும் வந்தன. பின்னாளில் வீராவில் 4ஜி15 இன்ஜின் இன்ஜெக்‌ஷனுடன் வந்தது. 4ஜி13, 4ஜி15 இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் இந்த மாற்றத்தைப் பட்டறைகள் அதிகம் செய்கின்றன.

ஆனால் இன்ஜின் உட்கார்ந்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. கார்புரேட்டர் காரில் காற்று இழுக்கும் வேகமே பெட்ரோலை உறிஞ்சிக் கொடுக்கிறது. அங்கே கணக்குப் போட யாரும் இல்லை. இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் எவ்வளவு பெட்ரோல், எந்த நொடியில், எப்போது தீப்பொறி என்று எல்லாவற்றையும் கணினி முடிவு செய்கிறது. அதற்குக் கண்ணும் காதும் சென்சர்கள். ஒரு சென்சர் பொய் சொன்னாலும் கணினியின் கணக்கு தப்பிவிடும்.

வயர்களை நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள்

கணினியின் பிளக்கில் இருக்கும் வயர்களைப் பார்த்தால் தலை சுற்றும். நான்கு கூட்டமாகப் பிரித்தால் குழப்பம் குறையும்.

முதல் கூட்டம் மின்சாரம். ஒரு வயருக்குப் பேட்டரியிலிருந்து எப்போதும் 12 வோல்ட் வேண்டும். கணினியின் நினைவாற்றலைக் காப்பது அது. இன்னொன்றுக்குச் சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வர வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். சாவியை ஸ்டார்ட் நிலைக்குத் திருப்பும்போது ரேடியோ, விசிறிக்குப் போகும் வயர்களில் மின்சாரம் நின்றுவிடும். அந்த வயரில் கணினியை மாட்டினால் ஸ்டார்ட்டர் சுற்றும், இன்ஜின் பிடிக்காது. சாவியின் இரண்டு நிலையிலும் 12 வோல்ட் வரும் வயரை மீட்டர் வைத்துத் தேடிப் பிடிக்க வேண்டும்.

இரண்டாவது எர்த். பழைய காரின் உடம்பில் துருவும் பெயின்ட்டும் இருக்கும். கணினியின் எர்த் வயரை இன்ஜின் பிளாக்கில் நன்றாகச் சுரண்டிய இடத்தில் இறுக்க வேண்டும். பேட்டரிக்கும் இன்ஜினுக்கும் உடம்புக்கும் இடையில் தடித்த எர்த் வயர் இருப்பது அவசியம். ‘கணினி போய்விட்டது’ என்று புதிதாக வாங்கியவர்கள் பலர், கடைசியில் எர்த் கோளாறு என்று கண்டுபிடித்திருக்கிறார்கள்.

மூன்றாவது சென்சர்கள். பெரும்பாலானவற்றுக்குக் கணினியே 5 வோல்ட் தருகிறது. 12 வோல்ட்டைத் தவறிக் கொடுத்தால் சென்சர் கெடும், கணினியும் கெடலாம். கிராங்க் சென்சரின் வயருக்கு மேலே கவச உறை இருந்தால் அதை வெட்டி எறியக் கூடாது. இக்னிஷன் காயிலின் மின் இரைச்சல் அந்த வயரில் ஏறினால் கணினிக்குத் தவறான செய்தி போகும்.

நான்காவது கணினி வேலை வாங்கும் பாகங்கள்: இன்ஜெக்டர், இக்னிஷன், ஐட்லிங் வால்வு, பெட்ரோல் பம்ப் ரிலே. இன்ஜெக்டரைப் பொதுவாகக் கணினி எர்த் பக்கத்தில்தான் திறந்து மூடும். மறுமுனையில் 12 வோல்ட் எப்போதும் இருக்கும். இது தெரியாமல் மாற்றிக் கொடுத்தால் இன்ஜெக்டர் திறந்தபடியே நின்று சிலிண்டரைப் பெட்ரோலால் நிரப்பிவிடும்.

எந்த இணைப்புக்கும் அந்தக் கணினியின் மேல் அச்சிட்ட எண்ணுக்குரிய வயரிங் படம்தான் ஆதாரம். நிறத்தை நம்பக் கூடாது. ஒரே மாடல் காரிலும் மேனுவலுக்கும் ஆட்டோவுக்கும் கணினி வேறுபடலாம். ஹாஃப்-கட் வாங்கும்போது கணினி, வயர் கட்டு, சென்சர்கள் மூன்றையும் ஒரே காரிலிருந்து வெட்டாமல் வாங்குவது பணத்தையும் நேரத்தையும் மிச்சப்படுத்தும். சாவியை அடையாளம் பார்க்கும் பாதுகாப்பு முறை உள்ள கணினி என்றால் அதன் சாவியும் சேர்ந்து வர வேண்டும்.

உயிர் விஷயம்: பெட்ரோல் அழுத்தம்

கார்புரேட்டருக்கு 0.3 பார் அளவு அழுத்தம் போதும். இன்ஜெக்‌ஷனுக்கு ஏறக்குறைய 3 பார் வேண்டும். அதாவது பத்து மடங்கு. பழைய ரப்பர் குழாயும் சாதாரண கிளிப்பும் இதைத் தாங்காது. குழாய் கழன்றால் சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் பீய்ச்சியடிக்கும். அதிக அழுத்தத்துக்கான குழாய், கிளிப், டாங்கிக்குத் திரும்பும் பாதை எல்லாவற்றையும் புதிதாகப் போட வேண்டும்.

பம்ப்பை நேராகச் சாவி வயரில் மாட்டுவது எளிது, ஆனால் ஆபத்து. விபத்தில் இன்ஜின் நின்றாலும் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும். கணினி வழியாக ரிலே போட்டால், இன்ஜின் சுற்றுவது நின்றதும் கணினி பம்ப்பை நிறுத்திவிடும். ஃபியூஸும் கட்டாயம். வயர்களை முறுக்கி டேப் சுற்றுவதும் கூடாது. ஈயப் பற்று வைத்தோ சரியான கருவியால் கிரிம்ப் செய்தோ, மேலே சுருங்கும் குழாய் போட வேண்டும்.

கிரானில் இல்லாத இன்ஜின்

இன்ஜினை மாற்றினால் அதன் எண்ணும் மாறும். சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதியும் வாகனப் பரிசோதனையும் பெற்று கிரானில் பதிவைத் திருத்த வேண்டும். இன்ஜின் வாங்கிய ரசீது போன்ற பத்திரங்கள் இல்லாமல் இது நடக்காது. ஆகவே விலை மலிவு என்று பத்திரம் இல்லாத இன்ஜினை வாங்குவது பிற்பாடு தலைவலி. அது திருட்டுப் பொருளாகவும் இருக்கலாம். காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். மறைத்துவிட்டு விபத்தில் சிக்கினால் இழப்பீடு கைக்கு வராமல் போகலாம். நாலு பேர் பயணம் செய்யும் குடும்பக் காரில் இது சின்ன விஷயமல்ல.

கைத்தொழிலும் சான்றிதழும்

வயரிங் படத்தைப் படித்து, மீட்டரால் சோதித்து, பழைய காரை உயிர்ப்பிக்கத் தெரிந்த பிள்ளையின் கையில் ஒரு தொழில் இருக்கிறது. ஆனால் சம்பளம் பேசும்போது முதலாளி கேட்பது தாளை. ஜியாட்மாரா போன்ற அரசுப் பயிற்சி நிலையங்களில் வாகனத் தொழில்நுட்பம் கற்று, எஸ்கேஎம் எனப்படும் மலேசியத் திறன் சான்றிதழ் பெற்றால் பட்டறைக்கு வெளியேயும் கதவு திறக்கும். எஸ்பிஎம் தேர்வில் மதிப்பெண் குறைந்தவர்களுக்கும் இந்த வழி உண்டு.

வீட்டு முன்னால் நிற்கும் சாகாவின் மீது கை வைக்க நினைக்கும் பிள்ளையைத் திட்டி அனுப்ப வேண்டியதில்லை. முதலில் ஒரு மல்டிமீட்டரும் சரியான வயரிங் படமும் வாங்கிக் கொடுங்கள். பேட்டரியின் எர்த்தைக் கழற்றாமல் வயரைத் தொடக் கூடாது, தீயணைப்பான் பக்கத்தில் இல்லாமல் முதல் ஸ்டார்ட் போடக் கூடாது என்ற இரண்டையும் கூடவே சொல்லிக் கொடுங்கள். அப்பாவின் கார் இன்னும் சில வருடம் ஓடும். அதோடு பிள்ளையின் தொழிலும் தொடங்கும்.