கராம்புக்கு எத்தனை வயது?

பிள்ளைகளே, மன்னாரையும் பூநகரியையும் இணைக்கும் ஏ32 வீதியில் இருக்கிறது பாப்பாமோட்டை. அடுத்த விடுமுறையில் அம்மா அப்பாவோடு அங்கிருந்து தெற்கே புறப்படுங்கள். மன்னார்த் தீவு வரை போய் வருவதற்குள் ஆயிரம் ஆண்டு வரலாற்றைப் பார்த்துவிடலாம். பழைய இடங்களுக்குப் போகிற எல்லோரும் கேட்பது, "இதுக்கு எத்தனை வயசு?" என்றுதான். அந்த விடையை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று பார்ப்போமா?

முதலில் மாந்தை. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் இங்கேதான் இருக்கிறது. அதைச் சூழ்ந்த மண்மேட்டுக்கு அடியில் மாதோட்டம் என்ற பெரிய துறைமுகப் பட்டினம் புதைந்து கிடக்கிறது. 1980களில் ஜோன் கார்ஸ்வெல் என்ற ஆய்வாளர் தலைமையில் இங்கே அகழ்ந்தார்கள். போர் மூண்டதால் 1984இல் வேலை நின்றது. 2009, 2010ஆம் ஆண்டுகளில் மீண்டும் தோண்டினார்கள். அப்போது கிடைத்தவற்றுள் மிகச் சிறியது, கருகிப்போன ஒரு கராம்பு. அது கிடைத்த மண்ணின் காலம் ஏறத்தாழ கி.பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்டது.

அந்தக் காலத்தில் கராம்பு மரம் வளர்ந்தது இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் மட்டுமே. அப்படியானால் இந்தக் கராம்பு ஏறக்குறைய 7000 கிலோமீட்டர் கடல் கடந்து மாந்தைக்கு வந்திருக்கிறது. அவ்வளவு தூரம் வந்தது யார் கையிலிருந்தோ தவறி நெருப்பில் விழுந்தது. விழுந்தது நமக்கு நல்லதாயிற்று. சாதாரணக் கராம்பு மண்ணில் கிடந்தால் நுண்ணுயிர்கள் அதைத் தின்று அழித்துவிடும். கருகியது வெறும் கரியாகிவிடுகிறது. கரியை நுண்ணுயிர்கள் எளிதில் தின்பதில்லை. அதனால் அது ஆயிரம் ஆண்டுகள் உருக்குலையாமல் கிடந்தது.

கரிக்குள் ஒரு மணிக்கூடும் இருக்கிறது. அதன் பெயர் காபன்-14. செடிகள் ஒளித்தொகுப்புக்காகக் காற்றிலிருந்து காபனீரொட்சைட்டை எடுக்கும்போது, மிக மிகச் சிறிய அளவில் காபன்-14ஐயும் சேர்த்தே எடுக்கின்றன. செடி இறந்ததும் எடுப்பது நின்றுவிடும். உள்ளே இருக்கும் காபன்-14 மெல்ல மெல்லச் சிதைந்து, 5730 ஆண்டுகளில் பாதியாகக் குறையும். ஆயிரம் ஆண்டுப் பழைய கரியில், முதலில் இருந்ததில் நூற்றுக்கு 89 பங்கு மிஞ்சியிருக்கும். மிச்சத்தை அளந்தால் வயது தெரிந்துவிடும்.

அடுத்து, கடலுக்கு நடுவே போகும் தாம்போதியால் மன்னார்த் தீவுக்குள் நுழைகிறோம். நுழைந்த உடனே கண்ணில் படுவது கோட்டை. இதன் வயதை அறிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. கட்டியவர்களும் பிடித்தவர்களும் எழுதி வைத்திருக்கிறார்கள்: 1560இல் போர்த்துக்கேயர் கட்டினார்கள், 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றினார்கள். ஓர் எழுத்துச் சான்றை இன்னோர் எழுத்துச் சான்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பது இங்கே நமக்கு உதவுகிற அறிவியல்.

நகரை விட்டுப் பள்ளிமுனை வீதியில் கொஞ்சத் தூரம் போனால் பெருக்கு மரம் நிற்கிறது. உயரம் 7.5 மீட்டர்தான். சுற்றளவோ 19.5 மீட்டர்! கைகோத்துச் சுற்றி நிற்க உங்களில் 15 பேராவது வேண்டும். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இந்த மரத்தை 1477இல் அரபு வணிகர்கள் நட்டார்கள் என்று சொல்வார்கள். பருமனை வைத்து வயதைச் சொல்லிவிட முடியுமா? முடியாது. பெருக்கு மரத்தின் மென்மையான தண்டு நிறைய நீரைச் சேமிக்கும். ஆண்டு வளையங்கள் அதில் தெளிவாகத் தெரியாது. பல தண்டுகள் ஒட்டி ஒரே மரமாவதும் உண்டு. நடுப்பகுதி பொந்தாகிவிட்டால் மிகப் பழைய மரத்துண்டே கிடைக்காது. இங்கேயும் காபன்-14தான் கை கொடுக்கிறது. ஆப்பிரிக்காவில் 2000 ஆண்டுகளைத் தாண்டிய பெருக்கு மரங்கள் இருந்ததை அப்படித்தான் கண்டறிந்தார்கள்.

செய்து பாருங்கள்

மண்ணிலிருந்து கருகிய தானியத்தை எப்படிப் பிரிக்கிறார்கள் தெரியுமா? நன்றாக ஆறிய அடுப்புக்கரியில் சிறு துண்டுகள் சிலவற்றைக் காய்ந்த மண்ணோடு கலந்துகொள்ளுங்கள். ஒரு வாளித் தண்ணீரில் அதைக் கொட்டி மெதுவாகக் கலக்குங்கள். மண் அடியில் தங்கும். நுண்துளைகளில் காற்றை அடைத்து வைத்திருக்கும் கரி மேலே மிதக்கும். மேல்நீரை மெல்லிய துணியில் வடித்தால் கரி உங்கள் கையில். மாந்தை மண்ணிலிருந்து நெல், மிளகு, கராம்பு எல்லாம் கிடைத்தது இதே முறையால்தான்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். மழைக்குப் பிறகு மாந்தைப் பக்கம் பழைய மணியோ ஓட்டுத்துண்டோ தென்பட்டால் எடுத்துப் பொக்கற்றில் போட்டுக்கொள்ளாதீர்கள். கண்ணாடி மணிக்குள் காபன்-14 மணிக்கூடு இல்லை. அது எந்த மண்ணடுக்கில், எந்தக் கரியோடு சேர்ந்து கிடந்தது என்பதை வைத்தே அதன் வயதைச் சொல்ல முடியும். இடத்தை விட்டு எடுத்தால் அந்த வயது தொலைந்துபோகும், பிறகு எந்த விஞ்ஞானியாலும் அதைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியாது. கண்டதைக் கண்ட இடத்திலேயே விட்டுவிட்டு, உங்கள் ஆசிரியரிடம் சொல்லுங்கள். அவர் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவிப்பார்.