பித்தத்தைப் பேதியில் விரட்டாதீர்கள்!

“ஐயா, ஒடம்புல பித்தம் கூடிப் போச்சு. பேதிக்கு ஏதாச்சும் குடுங்க, எல்லாம் கழிஞ்சு போகட்டும்!”

சூலக்கரையிலிருந்து வந்த அந்தப் பெண்மணிக்கு நாற்பது வயதிருக்கும். சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலையில் வேலை. க்ரோன் என்கிற குடல் அழற்சி நோய்க்காக, இரண்டு வருடத்துக்கு முன் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் ஒரு சாண் அளவு வெட்டி எடுத்திருந்தார்கள். இப்போது ரத்தம் போவதில்லை, காய்ச்சலும் இல்லை. ஆனால் சாப்பிட்டு எழுந்தால் தண்ணீராகப் போகிறது. நடுவழியில் பஸ்ஸை நிறுத்தச் சொல்ல வெட்கப்பட்டு, பட்டினியாகவே வேலைக்குப் போகிறார்!

நான் பேதி மருந்து கொடுக்கவில்லை. ஏன் தெரியுமா?

பித்தம் வேறு, பித்தநீர் வேறு

சித்த மருத்துவம் சொல்லும் வாத, பித்த, கபத்தில் பித்தம் என்பது உடல் முழுவதையும் நடத்தும் ஓர் இயக்கம். கல்லீரலில் சுரக்கும் பித்தநீர் அதற்குள் அடங்கிய ஒரு சிறு பகுதிதான். இந்தப் பெண்மணிக்குத் தொல்லை பித்தநீரில்!

பித்தநீரிலுள்ள பித்த அமிலங்கள் சாப்பாட்டின் கொழுப்பைச் செரிக்க உதவுகின்றன. வேலை முடிந்ததும் அவற்றில் சுமார் 95 சதவீதம் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்பட்டு, மறுபடி கல்லீரலுக்கே போய்ச் சேருகிறது.

க்ரோன் நோய் அதிகம் தாக்குவதும் இந்தப் பகுதியைத்தான். அங்கே புண்ணானாலும் சரி, வெட்டி எடுத்தாலும் சரி, உறிஞ்சுவது குறையும். மிச்ச அமிலம் பெருங்குடலுக்குள் இறங்கி நீரைச் சுரக்க வைக்கும். ஏற்கெனவே தண்ணீராகப் போகிறவருக்குப் பேதி மருந்தும் கொடுத்தால் என்னாகும்? நீரும் உப்பும் வற்றி ஆளே சுருண்டு விடுவார்!

நல்ல கிருமிகளின் வேலை

பெருங்குடலில் வாழும் சில பாக்டீரியாக்கள் பித்த அமிலங்களை வேறு வடிவத்துக்கு மாற்றுகின்றன. குடல் அழற்சி நோயாளிகள் பலரிடம் இந்த மாற்றம் குறைந்திருக்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் விஞ்ஞானிகள் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், மாறிய அமிலங்களைக் கொடுத்தபோது எலிகளின் குடல் அழற்சி தணிந்தது. எலிக்குப் பலித்தது மனிதருக்கும் பலிக்கும் என்று இப்போதே சொல்லிவிட முடியாது. ஆனாலும் நம்பிக்கை தரும் செய்திதான்.

என்ன செய்யலாம்?

முதலில் குடல் நோய் நிபுணரைப் பாருங்கள். பழைய நோய் திரும்பியதா, கிருமித் தொற்றா, பித்த அமிலமா என்று அவர் பிரித்துச் சொல்வார். பித்த அமிலம்தான் என்றால், அதைப் பிடித்து வைக்கும் கொலஸ்டிரமின் என்ற பொடி இருக்கிறது. மற்ற மாத்திரைகளை அதற்கு ஒரு மணி நேரம் முன்போ, நாலைந்து மணி நேரம் கழித்தோதான் சாப்பிட வேண்டும். குடலை அதிக நீளம் எடுத்தவர்களுக்கு இதே பொடி கொழுப்புக் கழிச்சலைக் கூட்டலாம். அதனால் நீங்களாகவே வாங்கிச் சாப்பிடாதீர்கள். குடல் நோய்க்கான மருந்தையும் நிறுத்தாதீர்கள்.

ரத்தம் போவது, காய்ச்சல், எடை குறைவது, ராத்தூக்கத்தில் எழுப்பும் வயிற்றுப்போக்கு… இவற்றில் ஒன்று இருந்தாலும் நாளைக் கடத்தாதீர்கள்.

அந்தப் பெண்மணியை நிபுணரிடம் அனுப்பினேன். நோய் திரும்பவில்லை, பித்த அமிலம்தான் காரணம். போன மாதம் வந்து சொன்னார்: “இப்பல்லாம் ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டுத்தான் பஸ் ஏறுறேன் ஐயா!”

நீங்களும் எந்த வைத்தியரிடம் போனாலும், பேதிக்குக் கேட்குமுன் குடலில் ஆபரேஷன் ஆனதைச் சொல்லிவிடுங்கள். இதில் வெட்கம் எதற்கு?