மூக்கு அடைத்தால் பூனைக்குப் பசிக்காது

ஆனி பிறந்து மலைப்பக்கம் மூட்டம் போட்டதும் கடையநல்லூரில் சாரல் விழ ஆரம்பித்துவிடும். குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறதா என்று நாம் விசாரித்துக்கொண்டிருக்கிற அதே வாரங்களில், ஏதாவது ஒரு திண்ணையடியில் ஒரு குட்டி தும்மிக்கொண்டிருக்கும். இரண்டு கண்ணும் பீளை கட்டி ஒட்டியிருக்கும். மூக்கு நுனியில் சளி மஞ்சளாகக் காய்ந்து கிடக்கும். "சாரல்ல நனைஞ்சிட்டு, ரெண்டு நாள்ல சரியாப் போயிரும்" என்பார்கள்.

சாரல் மேல் பழி போடுவது பாதிதான் சரி. இந்தச் சளியில் பத்துக்கு எட்டு ஒன்பது தடவை இரண்டு வைரஸ்களில் ஒன்றின் கைவரிசை இருக்கும். ஒன்று பூனை ஹெர்பீஸ், இன்னொன்று பூனை கலிசி. போர்டெடெல்லா, கிளமிடியா, மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாக்கள் தனியாகவும் வரும், வைரஸ் புண்ணாக்கிய இடத்தில் வந்து ஒட்டிக்கொள்ளவும் செய்யும். சாரல் செய்வதெல்லாம் பூனைகளை ஒன்று சேர்ப்பதுதான். மழைக்கு ஒதுங்கி நாலைந்து ஒரே திண்ணையில் ஒட்டிப் படுக்கின்றன, ஒரே தட்டில் வாய் வைக்கின்றன. ஒரு தும்மல் நாலடி தூரம் தெறிக்கும். பூனைக்குச் சோறு வைப்பதைப் புண்ணியமாக நினைக்கிற தெருக்கள் நம் ஊரில் நிறைய. நபித்தோழர் அபூஹுரைராவின் பெயருக்கே பூனைக்குட்டியின் தந்தை என்றுதான் பொருள். வைக்கிற சோற்றை ஒரே தட்டில் வைக்காமல் நாலு சிரட்டையில் பிரித்து வைத்தால் புண்ணியம் குறைந்துவிடாது.

எந்த வைரஸ் என்று ஓரளவு பார்த்தே சொல்லலாம். ஹெர்பீஸ் என்றால் தும்மலும் கண்ணும்தான் முதலில். கண் சிவந்து, சில சமயம் கருவிழியிலேயே புண் வரும். கலிசி என்றால் வாய். உதட்டை மெதுவாக விலக்கிப் பாருங்கள், நாக்கின் ஓரத்தில் கொப்புளமோ புண்ணோ தெரியும், எச்சில் ஒழுகும். இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு.

ஹெர்பீஸ் ஒருமுறை வந்தால் பூனையை விட்டுப் போவதில்லை. சின்ன வயதில் அம்மை போட்டவருக்கு முதுமையில் அக்கி வருகிறதே, அதே குடும்பத்து வைரஸ், அதே குணம். நரம்புக்குள் போய்ப் பதுங்கிக்கொள்ளும். வீடு மாறினால், புதுப் பூனை வந்தால், கல்யாண வீட்டில் சொந்தபந்தம் வந்து நிறைந்தால் பூனை மிரளும். அப்போது அது மறுபடி கிளம்பும், அதுவும் உடனே அல்ல, ஒரு வாரம் போல கழித்து. விருந்தாளிகள் எல்லாம் ஊருக்குப் போன பிறகு பூனை தும்ம ஆரம்பித்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

பெரிய பூனைகள் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் தேறிவிடும். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பூனை நாக்கை நம்பிச் சாப்பிடுகிற பிராணி அல்ல, மூக்கை நம்பிச் சாப்பிடுவது. வாசனை தெரியவில்லை என்றால் எதிரில் மீனே இருந்தாலும் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்ளும். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால், முக்கியமாகக் கொழுத்த பூனைக்கு, உடம்புக் கொழுப்பு கரைந்து ஈரலில் போய்ச் சேர்ந்து ஈரலே கெட்டுவிடும். பால் குடிக்கிற குட்டி அவ்வளவு நாள்கூடத் தாங்காது.

அதனால் வைத்தியம் மூக்கிலிருந்து தொடங்க வேண்டும். கொதிக்க வைத்து ஆறிய வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து, ஒட்டிய கண்மேல் கொஞ்ச நேரம் வைத்திருங்கள். பீளை ஊறியபின் மூக்குப் பக்கத்திலிருந்து வெளியே துடையுங்கள், கண்ணுக்கு ஒரு பஞ்சு. காய்ந்ததைப் பிய்த்தால் தோலோடு வரும். பிறகு குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, ஆவி நிறைந்ததும் பத்து நிமிடம் பூனையை மடியில் வைத்து உட்காருங்கள். சளி இளகியதும் சாளை மீனை உப்பில்லாமல் அவித்து, முள்ளெடுத்து, சூடு ஆறுமுன் வையுங்கள். ஆறிய மீனுக்கு மணம் கிடையாது. வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்பு மீன் கூடாது, இரண்டும் பூனையின் ரத்தத்தைக் கெடுக்கும். நம் கையால் ஊட்டினால் சில பூனைகள் சாப்பிடும். வெட்கம் பார்க்காமல் ஊட்டுங்கள்.

இனி, செய்யக் கூடாதது. உடம்பு சுடுகிறதே என்று பிள்ளைக்கு வாங்கி வைத்திருக்கிற காய்ச்சல் மருந்தில் கொஞ்சம் கொடுத்துவிடுகிறார்கள். பாராசிட்டமாலை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு அநேகமாக இல்லை. நாம் போடுகிற 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே பூனையைக் கொல்லப் போதும். ஈறு பழுப்பு நிறமாகும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். தெரியாமல் கொடுத்திருந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் ஓடுங்கள், முறிமருந்து உண்டு. விக்ஸ், நீலகிரித் தைலம், கற்பூரம் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. சாம்பிராணிப் புகையும் கொசுவர்த்தியும் அந்த அறையில் வேண்டாம்.

ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால், கண்ணைத் திறக்காவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வாயைத் திறந்து மூச்சு விட்டால் அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் முடியாது என்றால் திருநெல்வேலி ராமையன்பட்டியில் 2012 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வைரஸை ஆன்டிபயாட்டிக் கொல்லாது, மேலே சேர்ந்த பாக்டீரியாவுக்காகத்தான் தருகிறார்கள். பெரும்பாலும் டாக்சிசைக்ளின். மாத்திரையாகத் தந்தால் பின்னாலேயே சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீர் விடுங்கள், உணவுக்குழாயில் ஒட்டினால் அங்கே புண்ணாகிச் சுருங்கிவிடும். ஹெர்பீஸ் முற்றினால் மனிதரின் அக்கிக்குத் தருகிற ஃபேம்சிக்ளோவிர்தான் பூனைக்கும். அளவு மருத்துவர் சொல்வதுதான். வீட்டில் கிடக்கிற கண் சொட்டு மருந்தை விடாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் கருவிழிப் புண் ஆழமாகிவிடும்.

தடுப்பூசி உண்டு. இந்த இரண்டு வைரஸோடு உயிர்க்கொல்லியான பான்லூக்கோபீனியாவுக்கும் சேர்த்து ஒரே ஊசி. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி இருக்கும்வரை ஊசி சரியாகப் பிடிக்காது, அது எந்த வாரம் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரத்துக்கொருமுறை, பதினாறு வாரம் ஆகும்வரை போடுகிறார்கள். ஒரு ஊசியோடு நிறுத்துவது காசைக் கொடுத்துவிட்டுப் பொருளைக் கடையிலேயே விட்டு வருவது மாதிரி. ஊசி போட்டாலும் சளி வரலாம், ஆனால் உயிருக்கு வராது என்று பெரும்பாலும் நம்பலாம்.

ஹெர்பீஸ் வெளியே ஒரு நாளைக்கு மேல் பிழைக்காது. கலிசி காய்ந்த தரையில் ஒரு மாதம்வரை கிடக்கும், சோப்புக்கு அசையாது. துணி வெளுக்கிற திரவ பிளீச்சில் 30 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து துடைத்து, பத்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். டெட்டாலும் பினாயிலும் வேண்டாம், காலில் பட்டதை நக்கினால் பூனைக்கு விஷம். இந்த இரண்டு வைரஸும் நமக்குத் தொற்றாது, ஆனால் நம் கையும் கைலியும் அவற்றைப் பூனைக்குப் பூனை சுமந்துகொண்டு போகும். புதுக் குட்டியைக் கொண்டுவந்தால் இரண்டு வாரம் மாடி அறையில் தனியாக வையுங்கள். காலையில் பழைய பூனைக்கு வைத்துவிட்டு, குட்டியிடம் கடைசியாகப் போங்கள்.