கோடை மழைக்கு மறுநாள் மீன் செத்து மிதந்தால், உடனே விஷம் என்று முடிவு கட்டாதீர்கள்

ஏப்ரல், மே மாதங்களில் பகலெல்லாம் வெயில் காய்ந்து, மாலையில் இடியுடன் மழை கொட்டும். மறுநாள் விடியும்போது குளத்தில் கட்லாவும் வெள்ளிக் கெண்டையும் வயிறு வெளுத்து மிதக்கும். "யாரோ மருந்தைக் கலந்துவிட்டார்கள்" என்ற பேச்சு அப்போதே கிளம்பிவிடும். குத்தகைப் பணம் போனது ஒருபுறம், ஊருக்குள் பகை மறுபுறம். ஆனால் இப்படிச் சாகும் மீன்கள் பெரும்பாலும் மூச்சு முட்டித்தான் சாகின்றன.

தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். நீலகிரியில் அவலாஞ்சி போன்ற குளிர்ந்த நீர்நிலைகளில் வாழும் டிரவுட் மீன், சமவெளிக் குளத்தில் பிழைக்காததற்கும் இது முக்கியக் காரணம். நம் கெண்டை இனங்கள் சூட்டைத் தாங்கும். ஆனால் ஆக்சிஜன் 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அவையும் திணறும்.

வெயில் நாட்களில் மேல்நீர் சூடாகவும் அடிநீர் குளிர்ச்சியாகவும் இருக்கும். இரண்டும் எளிதில் கலக்காது. அடியில் சேறும் சாணமும் தீவனக் கழிவும் அழுகி, அங்குள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். திடீர் மழையும் காற்றும் மேல்நீரைக் குளிரவைத்து, இரண்டையும் கலக்கிவிடும். அடியிலிருந்த கெட்ட நீர் குளம் முழுக்கப் பரவும். மேகமூட்டத்தில் பாசியும் ஆக்சிஜனைப் போதிய அளவு தயாரிக்காது. இரவில் அதுவும் சேர்ந்து சுவாசிக்கும். அதனால்தான் விடியற்காலையில் ஆபத்து அதிகம்.

விஷமா, மூச்சுத் திணறலா என்று ஓரளவு கண்ணாலேயே சொல்லலாம். ஆக்சிஜன் குறைந்தால் பெரிய மீன்கள் முதலில் சாகும். முந்தைய நாட்களிலேயே காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியிருக்கும். காற்றைச் சுவாசிக்கும் விராலும் கெளுத்தியும் உயிரோடு இருக்கும். பூச்சிமருந்து என்றால் குஞ்சுகளும் சிறு மீன்களும் முதலில் சாகும். தவளை, நீர்ப்பூச்சிகளும் சாகலாம். பகலிலும் சாவு தொடரும். சந்தேகம் இருந்தால் அந்த மீனை உண்ணவோ விற்கவோ வேண்டாம். சுத்தமான பாட்டிலில் தண்ணீரும், ஐஸில் வைத்த புது மீனும் எடுத்துக்கொண்டு மீன்வளத்துறை அலுவலகத்துக்குப் போங்கள்.

மீன்கள் வாயைத் திறந்து தவிப்பதைப் பார்த்த அன்றே தீவனத்தையும் சாணத்தையும் நிறுத்துங்கள். நள்ளிரவுக்குப் பிறகு மோட்டாரைப் போட்டு, குளத்தின் மேல்நீரையே உறிஞ்சி மழைபோல் சிதறும்படி திரும்ப விழச் செய்யுங்கள்; வெயில் ஏறும்வரை ஓடட்டும். போர்வெல் நீரை அப்படியே குழாயில் விடாதீர்கள். ஆழத்து நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. உயரத்திலிருந்து சிதறி விழுந்தால்தான் பயன். செத்த மீன்களை உடனே எடுத்துப் புதைத்துவிடுங்கள், அழுகினால் இருக்கிற ஆக்சிஜனும் போகும். அந்த ஓரிரு நாட்களில் வலை இழுத்துச் சேற்றைக் கலக்க வேண்டாம். சுண்ணாம்பை அள்ளிக் கொட்டும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. காரத்தன்மை கூடினால் அம்மோனியாவின் நச்சு இன்னும் ஏறும், அது இந்த நேரத்துக்கான மருந்தல்ல.

என்னைக் கேட்டால், மோட்டாரைவிட முன்கூட்டியே பிடிப்பதே லாபம். தண்ணீர் மூன்று அடிக்குக் குறையும் கண்மாயிலும் பண்ணைக்குட்டையிலும், விற்கும் எடையை எட்டிய மீன்களை ஏப்ரல் முதல் பாதிக்குள் பிடித்து விற்றுவிடுங்கள். மிச்சமுள்ள மீன்களுக்குத் தீவனத்தைக் காலை 9 மணிக்கு மேல் போடுங்கள், மாலையில் வேண்டாம். மேகம் மூடிய நாளில் போடவே வேண்டாம். அணைகளில் உரிமம் பெற்று வலை வீசுவோருக்கும் இது பொருந்தும்: நீர்மட்டம் இறங்கும்போது மீன் ஒரு மூலையில் திரளும், பிடிப்பு கூடும். அந்த மூலையில்தான் மழைக்குப் பிறகு சாவும் முதலில் வரும்.