காரீயம் எங்கே போனது?

மலேசியாவில் 2025 செப்டம்பர் 30 முதல் மைகாட் அடையாள அட்டையைக் காட்டினால் ரோன்95 பெட்ரோல் லிட்டர் 1.99 ரிங்கிட், மாதம் 300 லிட்டர் வரை என்று அறிவித்தார்கள். அறிவிப்பு வந்த கையோடு தாப்பா, பீடோர், சுங்கை சிப்புட் வாசகர்களின் கடிதங்கள் குவிந்தன. மலிவு என்பதால் 95-இல் காரீயம் கலந்திருக்குமோ என்று பலருக்குச் சந்தேகம். தோட்டத்தை விட்டு வந்த பிறகும் அப்பாவின் மோரிஸ் மைனரை விற்காமல் வைத்திருப்பவர்களுக்கு வேறு கவலை: காரீயப் பெட்ரோலில் ஓடிப் பழகிய வண்டி இதைத் தாங்குமா?

95, 97 இரண்டிலும் காரீயம் சேர்ப்பதில்லை. அந்தக் காலத்தில் சேர்த்தார்கள். இஞ்சின் தட்டாமல் இருக்க அதுவே மலிவான வழி. 1921-இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தில் தாமஸ் மிட்ஜ்லி கண்டுபிடித்தது. 1924-இல் நியூ ஜெர்சியில் அதைத் தயாரித்த தொழிலாளர்கள் ஐவர் சித்தம் கலங்கி இறந்தார்கள். ஆபத்து தொடக்கத்திலேயே தெரிந்துதான் இருந்தது.

என்னை அதைவிட உறுத்துவது வேறொன்று. காரீயம் எரிந்தால் ஆக்சைடாகி பிளக்கிலும் வால்விலும் அப்பிக்கொள்ளும். இஞ்சின் சீக்கிரம் படுத்துவிடும். அதனால் எத்திலீன் டைபுரோமைடையும் கூடவே கலந்தார்கள். அதிலுள்ள புரோமின் காரீயத்தைப் பிடித்து, இஞ்சின் சூட்டில் ஆவியாகும் புரோமைடாக மாற்றி, எக்சோஸ் வழியே வெளியே தள்ளிவிடும். வெளியில் குளிர்ந்ததும் அது கண்ணுக்குத் தெரியாத தூள். காரீயம் தெருவுக்குப் போக வேண்டும் என்றே திட்டமிட்டுச் செய்த கலவை இது. இஞ்சினைக் காப்பாற்ற அவ்வளவு யோசித்தவர்கள், தெருவில் நின்றவர்களை யோசிக்கவில்லை.

மலேசியாவில் ஒரு காலத்தில் லிட்டருக்கு 0.84 கிராம் காரீயம் வரை இருந்தது. 40 லிட்டர் நிரப்பினால் 33 கிராமுக்கு மேல்; பெரும்பகுதி காற்றில் கலந்தது. வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை வருவதற்கு முன் கோலாலம்பூர்–ஈப்போ கார்கள் பீடோர், தாப்பா, கம்பார், கோப்பெங் கடைத்தெருக்களின் நடுவேதான் போயின. அந்தத் தூள் மக்காது. பாதுகாப்பான காரீய அளவு என்று எதுவும் தெரியவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 1985-ஆம் ஆண்டு விதிமுறைகளுக்குப் பிறகு, 1990-இல் அளவு 0.15 கிராமுக்கு இறங்கியது. 1991-இல் காரீயமில்லாப் பெட்ரோல் வந்தது.

அமெரிக்காவில் 1975 கார்கள் காரீயமில்லாப் பெட்ரோலையே கேட்டதற்குக் காரணம் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்: காரீயம் அதன் பிளாட்டினத்தை மூடிப் பாழாக்கும். காரீயம் ஏறிய பிள்ளைகளின் ரத்தத்தைவிட அந்தக் கருவிக்கே முதல் அக்கறை கிடைத்தது.

காரீயம் போனதால் எல்லாம் சுத்தம் என்றும் நம்ப வேண்டாம். 2020 முதல் ரோன்95 'யூரோ 4எம்' ஆனது. அந்த 'எம்' மலேசியாவுக்கான திருத்தம்: ஐரோப்பாவின் யூரோ 4-இல் பென்சீன் 1 விழுக்காடு வரை, இங்கே 3.5 வரை.

மற்றக் கேள்விகள்.

மோரிஸ் மைனர்? இரும்புத் தலை, வால்வு உட்காரும் இடத்தைக் காரீயப் படலம் காத்தது, நெடுந்தூரம் விரட்டி ஓட்டுபவரானால் கடினமான வால்வு சீட் போடச் சொல்லிப் பொமனிடம் கொடுங்கள்.

டட்சன் 120ஒய்? அலுமினியத் தலை, சீட் தனியாகப் பொருத்தியது, பயமில்லை.

97 ஊற்றினால் நல்லதா? கையேடு கேட்காவிட்டால் காசுதான் வீண்.

கிந்தாவில் தோண்டிய ஈயமா இது? இல்லை, அது வெள்ளீயம்.

காரீயப் பெட்ரோல் இன்னும் எங்காவது உண்டா? கார்களுக்கு, கடைசியாக அல்ஜீரியா 2021 ஜூலையில் நிறுத்தியது. சிறு பிஸ்டன் விமானங்கள் பல இன்றும் அதில்தான் பறக்கின்றன, அதே புரோமைடு கலந்து.