வலி உடம்போடு நிற்பதில்லை



வழக்கமாக விதை, உரம், பூச்சி என்றுதான் உங்களிடம் பேசுவேன். இன்று பயிரைப் பற்றி அல்ல, பயிர் செய்கிறவரின் முதுகைப் பற்றிப் பேசப் போகிறேன்.

எனக்குப் பழக்கமான ஒரு பெரியவருக்கு இரண்டு வருடமாக இடுப்புவலி. "விதைநெல் வந்திருக்கு ஐயா, வந்து வாங்கிக்குங்க" என்றேன். "இனிமே எனக்கு எதுக்கு சார் விதை? பசங்களுக்குப் பாரமா இருக்கேன்" என்றார். ஏதோ சலிப்பில் சொல்கிறார் என்று நானும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவர் வீட்டம்மா அப்படி விடவில்லை. ராத்திரியெல்லாம் தூங்காமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தவரிடம் நேராகவே கேட்டார். உயிரை விட்டுவிடலாமா என்று யோசித்ததை அவர் ஒப்புக்கொண்டார். வைத்தியம் பார்த்து இன்று நன்றாக இருக்கிறார். பயிரின் வாட்டத்தைப் பார்த்ததும் சொல்லிவிடுகிற எனக்கு, எதிரே நின்றவரின் வாட்டம் தெரியவில்லை.

குனிந்து நடவு, களையெடுப்பு, முதுகில் 16 லிட்டர் தெளிப்பான், தலையில் மூட்டை. இடுப்பும் முழங்காலும் வலிக்காத உழவர் உண்டா? ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட வலி. காயம் ஆறின பிறகும் நரம்பும் மூளையும் வலியை உணர்த்திக்கொண்டே இருக்கும். அதனால் தூக்கம் கெடுகிறது. வேலை நிற்கிறது, வருமானம் குறைகிறது. 'நான் பாரம், இதற்கு விடிவே இல்லை' என்ற எண்ணம் வளர்கிறது. மனம் சோர்ந்தால் வலி இன்னும் கூடும். இப்படி ஒன்றை ஒன்று வளர்க்கும்.

நாள்பட்ட வலி உள்ளவர்கள் தற்கொலையால் இறக்கும் ஆபத்து மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பயப்பட வேண்டாம்; வலி உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அப்படி நேர்வதில்லை. ஆனால் கவனிக்காமல் இருக்கலாகாது.

என்ன செய்யலாம்?

முதலாவது, கேளுங்கள். "வலி தாங்காம உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" என்று அன்போடு நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, மனப்பாரம்தான் குறையும்.

இரண்டாவது, டாக்டரிடம் வலியை மட்டும் சொல்லாதீர்கள். தூக்கமின்மையையும் மனச்சோர்வையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டுக்கும் சேர்ந்து உதவும் மருந்துகளும் உண்டு. கடையில் தானாக வலி மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடும். படுத்தே கிடப்பதும் தவறு. சொல்லிக்கொடுத்தபடி செய்யும் பயிற்சிதான் இடுப்புக்கு உரம். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைப் பயிற்சியும் வீடு தேடி வருகிறது.

மூன்றாவது, பூச்சிமருந்து வீட்டுக்குள் வேண்டாம். தேவைக்கு மட்டும் வாங்குங்கள். மிச்சத்தை வீட்டுக்கு வெளியே பூட்டி, சாவியை வேறொருவர் வைத்திருக்கட்டும். இலங்கையில் கொடிய நஞ்சுள்ள பூச்சிமருந்துகளுக்கு 1995-லும் 1998-லும் தடை வந்த பிறகு, 2005-க்குள் தற்கொலை விகிதம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அந்த எண்ணம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் கடந்துபோகும். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாவிட்டால் ஓர் உயிர் பிழைக்கும்.

இதைப் படிக்கிற உங்களுக்கே அப்படித் தோன்றுகிறதா? தனியே இருக்காதீர்கள். வீட்டில் ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள். 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

இலை மஞ்சளானால் வேரைத் தோண்டிப் பார்க்கிறோம். வீட்டில் ஒருவர் பேச்சைக் குறைத்தாலும் அப்படியே பாருங்கள்.