பயிருக்குத் துணைப் பூஞ்செடிகளைத் தெரிவுசெய்தல்

ஒரு பயிரின் அருகே மற்றொரு செடியை நடுமுன் கமக்காரர் கேட்கவேண்டிய வினா ஒன்றுண்டு: இத்துணைச் செடி இங்கு என்ன வேலை செய்யப்போகின்றது? குளிர்நாட்டு மலர்த்தோட்டங்களில் ஐரிசுச் செடிக்குத் துணை தேடுவோர், அதன் கிழங்கின்மேற் படர்ந்து வெயிலை மறைக்கும் செடிகளை விலக்குவர். மூடுண்ட கிழங்கு அழுகும், பூவுங் குன்றும். நமது மரக்கறிப் பாத்திக்கும் நெல்வயலுக்கும் இவ்விதியே பொருந்தும். துணைச் செடி முதற்பயிரின் வெயிலையும் நீரையும் பசளையையும் பறித்தலாகாது. தன் வேலைக்கேற்ற இடத்திலும் காலத்திலும் நடப்படுதல் வேண்டும்.

வேர்முடிச்சுக்குச் செண்டுமல்லி

தக்காளி, கத்தரி, வெண்டி ஆகியவற்றின் வேரில் முடிச்சுகள் தோன்றிச் செடி வாடுமாயின், அது பெரும்பாலும் வட்டப்புழுவின் செயலாகும். சிங்களத்தில் தாஸ்பெத்தியா எனப்படும் செண்டுமல்லியின் வேரிலுள்ள ஒரு பொருள் இப்புழுவைத் தாக்கவல்லது. ஆயினும் பாத்தியின் ஓரத்தில் நான்கைந்து செடிகளை நட்டுப் பயன் எதிர்பார்த்தல் வீண். அவ்வேர் பரவிய மண்ணிலேயே பலன் உண்டு. எனவே, குட்டையான பிரெஞ்சு இனத்தை ஏழு அங்குலத்துக்கு மேற்படாத இடைவெளியிற் பாத்தி முழுவதும் நட்டு, இரண்டு மாதமேனும் வளரவிட்டு, மண்ணோடு கொத்திப் புரட்டியபின் மரக்கறியை நடுக. இங்கு செண்டுமல்லி உடன்வளரும் துணையன்று, முன்செல்லும் துணையாகும்.

காய்ப்புழுவுக்குப் பொறி

தக்காளிக் காயைத் துளைக்கும் புழுவின் தாய் அந்துப்பூச்சி, செண்டுமல்லிப் பூவில் முட்டையிட விரும்பும். இந்தியாவிற் சிபார்சு செய்யப்படும் முறையில், 16 வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசை உயரமான செண்டுமல்லி நடப்படுகின்றது. 25 நாள் தக்காளி நாற்றுடன் 40 நாள் செண்டுமல்லி நாற்றை நடுவதால் இரண்டும் ஒருங்கே பூக்கின்றன. புழுக்கண்ட பூக்களைக் கொய்து அழித்தல் வேண்டும். அன்றேல் பொறியே புழு பெருகும் இடமாகிவிடும்.

நெல்வயல் வரம்பில் எள்

நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் கபிலநிறத் தத்தியின் முட்டைகளை, மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவிகள் அழிக்கின்றன. வளர்ந்த குளவியின் உணவு பூந்தேன். எள்ளுப்பூவின் தேன் அதன் வாழ்நாளை நீட்டுகின்றது. சீனா, தாய்லாந்து, வியட்நாம் ஆகிய நாடுகளில் நெல்வயலைச் சூழத் தேன்தரும் செடிகளை வளர்த்து நடத்திய ஆராய்ச்சி 2016 இல் வெளியாயிற்று. அவ்வயல்களிற் பூச்சிநாசினி தெளித்தல் 70 வீதம் குறைந்தது. விளைச்சல் 5 வீதம் கூடிற்று. ஆனால், இளம்பயிரில் இலையுண்ணும் புழு சிறிது கண்டவுடன் நாசினி தெளிப்போர் அக்குளவிகளையும் கொன்றுவிடுவர். அவர்களுக்கு வரம்பிலுள்ள எள்ளாற் பயனில்லை.

கொழும்புப் பகுதிக்குரிய கவனம்

எள்ளும் செண்டுமல்லியும் நீர் தேங்குதலைத் தாங்கா. கொழும்பை அண்டிய ஈரவலயத் தாழ்நிலங்களில் செண்டுமல்லியை உயர்த்திய பாத்தியில் மட்டும் நடுக. எள் உலர்வலயத்துச் சிறுபோகத்துக்கே மிக ஏற்றது. நனைந்த வரம்புடையோர், களை வெட்டும்போது பூத்திருக்கும் அகன்ற இலைச் செடிகளைச் சில இடங்களில் விட்டுவைத்தல் நன்று. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை போன்ற இடங்களில் மதிலோரச் சிறு தோட்டமுடையோர், உயர்ந்த செடி மரக்கறிக்கு நிழல் செய்யாதவாறு இடமறிந்து நடுவாராக.

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளையினதும் பீடைநாசினியினதும் இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டது. கடைச்சரக்கை மட்டும் நம்பிய பயிர்ச்செய்கை எத்துணை எளிதில் இடருறும் என்பதைக் கமக்காரர் அப்போது கண்டனர். துணைச் செடி எல்லாப் பீடைக்கும் மருந்தன்று. எனினும் விதைச் செலவு சிறிது. நாசினிச் செலவிற் காணும் மீதமோ பெரிது. முதலில் ஒரு பாத்தியில், ஒரு வரம்பிற் செய்து பார்த்து, துணையில்லாத பாத்தியோடும் வரம்போடும் ஒப்பிட்டு அறிக. ஐயம் எழுமிடத்து உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை நாடுக.